படகா கப்பலா, எப்படி கண்டுபிடிக்கிறது? சப்மரீன் ரிப்பேர்னா எங்க கொண்டு போவாங்க? குன்னூர்ல இருந்து ஒரு கைடு

கடலே இல்லாத குன்னூர்ல உக்காந்துகிட்டு கப்பலைப் பத்தி பேச வந்துட்டான்னு நினைக்காதீங்க. பக்கத்துலயே வெலிங்டன்ல ஸ்டாஃப் காலேஜ் இருக்கு, ஆர்மிக்காரங்க மட்டும் இல்ல, நேவி, ஏர்ஃபோர்ஸ், வெளிநாட்டு ஆபீசர்ஸ்னு வருஷா வருஷம் ஒரு செட்டு வந்து படிச்சுட்டு போகும். அதனால இங்க கடல் இல்லாட்டியும் கடல் பேச்சுக்கு பஞ்சம் இல்ல. டீ கடையில நின்னா கூட "எங்க போட் அப்ப டாக்ல இருந்துச்சு"ன்னு ஒருத்தர் சொல்லிட்டு இருப்பாரு, கேக்கறவனுக்கு ஊட்டி ஏரியில மிதிக்கற பெடல் போட் தான் ஞாபகம் வரும், அவர் சொல்றது 1,600 டன்னுக்கு மேல இருக்கற சப்மரீனை. எது படகு, எது கப்பல், அவ்ளோ பெரிய சப்மரீன் ஏன் போட், அது கெட்டுப்போனா எங்க போகும், இந்த நாலும் எங்கிட்ட திரும்ப திரும்ப வர்ற கேள்வி. முக்கியமா ராணுவத்துல ஆபீசரா சேர எழுதற என்டிஏ எக்ஸாமுக்கு படிக்கற பசங்க கேக்கறாங்க. அவங்களுக்காகத்தான் இது.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இத்தனை மீட்டருக்கு கீழ படகு, அதுக்கு மேல கப்பல்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட கோடு எதுவும் கிடையாது. நெட்ல தேடினா 500 டன்னுன்னு ஒருத்தன் அடிச்சு சொல்வான், அது எங்கருந்து வந்துச்சுன்னா சோலாஸ்னு ஒரு சர்வதேச பாதுகாப்பு ஒப்பந்தம் இருக்கு, ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு போற சரக்குக் கப்பல் 500 கிராஸ் டன்னேஜ் தாண்டினா அதோட விதிகள் பொருந்தும், பயணிகள் கப்பல்னா 12 பேருக்கு மேல ஏத்தினாலே பொருந்தும். அவ்ளோதான். அது சட்டம் யார் மேல பாயும்ங்கறதுக்கு போட்ட எல்லை, படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல போட்ட வேலி இல்ல. இன்னொண்ணு, கிராஸ் டன்னேஜ்ங்கறது எடையே இல்ல, உள்ள எவ்ளோ இடம் இருக்குங்கற கணக்கு. போர்க்கப்பலுக்கும் சப்மரீனுக்கும் சொல்ற டன் தான் நிஜமான எடை, அது ஒதுக்கித் தள்ற தண்ணியோட எடை. இந்த ரெண்டையும் ஒரே டேபிள்ல போட்டு எது பெருசுன்னு கம்பேர் பண்ற வீடியோ வந்தா ஸ்கிப் பண்ணிடுங்க.

கடலோரத்துலயோ ஹார்பர்லயோ போய் நின்னா எப்படி பாக்கறதுன்னு இப்ப சொல்றேன்.

எல்லாருக்கும் தெரிஞ்ச விதி, கப்பல் படகை தூக்கிட்டு போகும், படகு கப்பலைத் தூக்க முடியாது. பக்கவாட்டுல ஆரஞ்சு கலர்ல மூடி போட்ட லைஃப் போட் தொங்குதா, கிட்டத்தட்ட கப்பல்தான். நல்ல விதி, ஆனா ஓட்டை இருக்கு. பெரிய மீன்பிடி விசைப்படகு கூட ஒரு குட்டி டிங்கியை கூட்டிட்டு போகும், அதுக்காக அது கப்பல் ஆயிடாது. அதே மாதிரி கப்பலையே தூக்கிட்டு போற கப்பலும் இருக்கு. 2000 அக்டோபர்ல ஏடன் துறைமுகத்துல குண்டு வெடிச்சு ஓட்டையான அமெரிக்க போர்க்கப்பல் கோல், புளூ மார்லின்னு ஒரு கப்பலோட முதுகுல ஏறித்தான் வீடு போய் சேந்துச்சு. அந்தக் கப்பல் தன்னோட டேங்க்ல தண்ணி நிரப்பி பாதி முங்கும், மேல சரக்கா இன்னொரு கப்பல் மிதந்து வந்து நிக்கும், அப்புறம் தண்ணியை வெளியேத்திட்டு எழும்பும். அதுக்காக கோலை யாரும் படகுன்னு சொல்லல.

அடுத்தது திரும்பறப்ப எந்தப் பக்கம் சாயுதுன்னு பாக்கறது, எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான், ஏன்னா இதை இங்க மலையிலயே பாதி பாத்துடலாம். பைக்காரா போட் ஹவுஸ்ல ஸ்பீட் போட் ஏறியிருப்பீங்க, டிரைவர் வளைக்கறப்ப போட் உள்பக்கமா, அதாவது வளைவோட மையத்துப் பக்கம் சாயும், நம்ம பக்கத்துல தண்ணி முகத்துக்கு நேரா வர்ற மாதிரி இருக்கும். பின்னாடி இருக்கற இன்ஜின் திரும்பினதும் அடிப்பாகத்தை வெளிப்பக்கமா தள்ளுது, அடி வெளிய போனா தலை உள்ள சாயத்தானே செய்யும். பெரிய கப்பல் இதுக்கு நேர் எதிர். ரட்டரை, அதாவது சுக்கானை திருப்பின உடனே ஒரு நொடி உள்ள சாயற மாதிரி காட்டிட்டு அப்புறம் வெளிப்பக்கம் சாஞ்சே திரும்பும். அதோட எடை மையம் மேல இருக்கு, தண்ணி அதை உள்பக்கம் தள்றது அதுக்கும் கீழ, மேல இருக்கற எடை பழைய திசையிலயே போகப் பாக்கும், அதனால வெளிய சாயுது. சப்மரீன் இருக்கே, அது தண்ணி மேல ஓடறப்ப கப்பல் மாதிரி வெளிய சாயும், முங்கிட்டு வேகமா திரும்பினா உள்ள சாயும். நடுவுல கோபுரம் மாதிரி நிக்கற பாகத்துக்கு செயில்னு பேரு, முங்கின நிலையில தண்ணி அந்த செயிலை வளைவோட மையத்துப் பக்கம் அழுத்தறதால தான் அப்படி. இதை வெச்சுத்தான் சப்மரீனை போட்னு சொல்றாங்கன்னு சிலர் கதை விடுவாங்க, நம்பாதீங்க, காரணம் வேற, கீழ வர்றேன்.

மூணாவது, உடம்புல என்ன எழுதியிருக்குன்னு படிக்கறது. இதுல ஏமாற வாய்ப்பு கம்மி. வெளிநாடு போற சரக்குக் கப்பல்ல ஐஎம்ஓன்னு (சர்வதேச கடல்சார் அமைப்போட சுருக்கம்) போட்டு 7 இலக்க எண் பின்பக்கத்துலயோ பக்கவாட்டுலயோ இருக்கும், கப்பல் கை மாறினாலும் பேர் மாறினாலும் கொடி மாறினாலும் அந்த எண் மாறாது. அது சரியான எண் தானான்னு நீங்களே கணக்கு போட்டு பாக்கலாம். முதல் ஆறு இலக்கத்தை வரிசையா 7, 6, 5, 4, 3, 2 ஆல பெருக்கி கூட்டுங்க, வர்ற கூட்டுத்தொகையோட கடைசி இலக்கம் அந்த எண்ணோட ஏழாவது இலக்கமா இருக்கணும். 9074729ன்னு எடுத்துக்கிட்டா 63, 0, 35, 16, 21, 4, மொத்தம் 139, கடைசி 9, எண்ணோட கடைசியும் 9, சரியா போச்சு. பசங்களுக்கு சொல்லிக் குடுத்தா ஹார்பர்ல நின்னு ஒவ்வொரு கப்பலா போட்டு பாத்துட்டே இருப்பாங்க, நமக்கும் கொஞ்சம் நிம்மதி.

அதே கப்பல்ல நடுப்பக்கம் கீழ பாருங்க, ஒரு வட்டம், குறுக்க ஒரு கோடு, பக்கத்துல ஏணி மாதிரி சின்ன கோடுகள், டிஎஃப் (TF), எஃப் (F), டி (T), எஸ் (S), டபிள்யூ (W)ன்னு எழுத்து. எந்தத் தண்ணியில எவ்ளோ வரைக்கும் முங்க சரக்கு ஏத்தலாம்ங்கற அளவு அது, எஃப்னா நல்ல தண்ணி, டின்னா வெப்ப மண்டல கடல், டிஎஃப்னா வெப்ப மண்டல நல்ல தண்ணி, எஸ் கோடை, டபிள்யூ குளிர்காலம். உப்புத் தண்ணியில கப்பல் கொஞ்சம் தூக்கி நிக்கும், ஆத்துத் தண்ணியில கொஞ்சம் கூட முங்கும், அதுக்குத்தான் தனித்தனி கோடு. முன்னாடியும் பின்னாடியும் நம்பர் ஏறிக்கிட்டே போகும், அது கப்பல் எவ்ளோ ஆழம் முங்கியிருக்குங்கறது, எண்ணோட அடிவிளிம்புல தண்ணி தொட்டா அந்த அளவு. ஐஎம்ஓ, வட்டம், ஆழக்கோடு மூணும் இருந்தா கண்ணை மூடிட்டு கப்பல்னு சொல்லிடலாம். ராமேஸ்வரம் பக்கம் போனா விசைப்படகுல ஐஎன்டி, டிஎன், அப்புறம் மாவட்டத்துக்கு ஒரு நம்பர், அதுக்கப்புறம் எம்எம்னு எழுதியிருக்கும், அது மீன்வளத்துறை பதிவு, அது படகு.

தூத்துக்குடி தோணி எதுல சேரும்னு ஒருத்தர் கேட்டாரு. நல்ல கேள்வி. மரத்துல செஞ்சது, மாலத்தீவு வரைக்கும் சரக்கு ஏத்திட்டு போகும், ஆளுங்க அதுலயே தங்கி சமைச்சு சாப்பிட்டு கடல் தாண்டறாங்க. என்னைக் கேட்டா அது கப்பல் பண்ற வேலையை பண்ற ஒண்ணு, அளவை வெச்சு அதை படகுன்னு ஒதுக்க எனக்கு மனசு வராது. இதுக்கு நேர் எதிரா அமெரிக்காவுல பெரிய ஏரிகள்ல இரும்புத் தாது ஏத்தற கலங்கள் இருக்கு, 300 மீட்டருக்கு மேல நீளம், அங்க இருக்கற மாலுமிங்க அதை போட்னு தான் சொல்வாங்க. அதனால அளவை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, என்ன வேலை செய்யுது, எந்தத் தண்ணியில செய்யுது, தானா எத்தனை நாள் வெளிய தாக்குப்பிடிக்கும், அதுல வேலை பாக்கறவங்க அதை என்ன சொல்றாங்க, இதெல்லாம் சேத்து பாருங்க.

போர்க்கப்பல்ல ஐஎம்ஓ எண் தேடாதீங்க. பக்கவாட்டுல பெருசா ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும், நம்ம நேவியில ஆர்னா விமானம் தாங்கி, டி (D)ன்னா டெஸ்ட்ராயர், எஃப்னா ஃபிரிகேட், எஸ்னா சப்மரீன். ஐஎன்எஸ்னு பேர் முன்னாடி இருந்தா கப்பல் தானேன்னு கேக்காதீங்க, அதுல தான் நிறைய பேர் எக்ஸாம்ல மாட்டிக்கறாங்க. இந்தியன் நேவல் ஷிப்னு தான் விரியும், ஆனா கரையில இருக்கற நேவி தளத்துக்கும் அதே ஐஎன்எஸ் தான். மலையை விட்டு இறங்கி கோயம்புத்தூர் போனீங்கன்னா அங்கயே ஐஎன்எஸ் அக்ரணி இருக்கு, கட்டிடமும் கிரவுண்டும் தான், தண்ணியில இறக்கினா நேரா அடிக்கு போயிடும். திருநெல்வேலி விஜயநாராயணத்துல ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கு, 1990ல ஆரம்பிச்சது, கடலுக்கு அடியில இருக்கற சப்மரீனுக்கு ரேடியோ செய்தி அனுப்பற நிலையம். ரொம்ப குறைஞ்ச அதிர்வெண் அலை தான் உப்புத் தண்ணிக்குள்ள கொஞ்சமாவது இறங்கும், அதுக்கு ராட்சச ஆன்டெனா வேணும், அது தான் அங்க நிக்குது. இதுவும் பேர்ல ஷிப்பு தான்.

சரி, சப்மரீன் ஏன் போட். எங்க லைன்ல ஒரு அண்ணன் இருக்காரு, சப்மரீன்ல இன்ஜின் பக்கம் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். "ஏண்ணா, இவ்ளோ பெரிசு, கப்பல்னு சொன்னா என்ன"ன்னு கேட்டேன். "தம்பி, கப்பல்னா எங்களுக்கு குறி வெக்கற ஐட்டம், எங்களையே அப்படி கூப்பிடாத"ன்னாரு. சப்மரீன்காரங்க எல்லா நாட்டுலயும் அடிக்கற பழைய ஜோக் தான் அது. நிஜ காரணம் வரலாறு. அமெரிக்க நேவி 1900ல முதல் முதலா வாங்கின ஹாலண்ட் சப்மரீன் 16 மீட்டர் சொச்சம் தான், இன்னைக்கு ஒரு மீன்பிடி விசைப்படகு அளவு. கரை ஓரம் போயிட்டு வரும், கூடவே துணைக் கப்பல் வேணும், அதனால போட்னு பேர் நின்னுடுச்சு. அப்புறம் அது வளந்து வளந்து ஓஹையோ வகையில 170 மீட்டர், முங்கினா 18,000 டன்னுக்கு மேல ஆன பிறகும் பேரை யாரும் மாத்தல. நம்ம நேவியோட கல்வரி வகை சப்மரீன் 67.5 மீட்டர், அதுவும் போட் தான். எக்ஸாம்ல கேட்டா சப்மரீனை போட்னு சொல்றது மரபு, இன்னைக்கு இருக்கற அளவு காரணம் இல்லன்னு எழுதுங்க.

இனி ரிப்பேர். இதை நம்ம ஊர் மலை ரயிலை வெச்சு புரிஞ்சுக்கறது ரொம்ப ஈஸி. நீராவி இன்ஜினுக்கு எண்ணெய் போடறது, சாம்பல் தட்டறது, சின்ன சின்ன வேலை எல்லாம் குன்னூர் ஷெட்லயே நடக்கும், ஆனா முழுசா பிரிச்சு மேய்யற ஓவர்ஹால்னா திருச்சி பொன்மலைக்கு போயாகணும். சப்மரீனும் அப்படித்தான், வேலை என்ன சைஸ்ங்கறதை வெச்சுத்தான் எடம். அதனால "சப்மரீன் எங்க ரிப்பேர் ஆகும்"னு பொதுவா கேட்டா பதில் வராது, மூணு விஷயத்தை முதல்ல கேளுங்க: என்ன வேலை, எந்த வகை சப்மரீன், கட்டினது யாரு.

சின்ன வேலைன்னா அது நிக்கற பேஸ்லயே முடிஞ்சுடும். நம்ம நாட்டுல சப்மரீன் பேஸ்னா மும்பையில ஐஎன்எஸ் வஜ்ரபாகு, விசாகப்பட்டினத்துல ஐஎன்எஸ் வீரபாகு. பம்ப், வால்வு, எலக்ட்ரானிக்ஸ் மாதிரி உள்ளிருந்தே பண்ணக்கூடியதை க்ரூவும் பேஸ்ல இருக்கற ஒர்க்ஷாப்பும் பாத்துக்கும். பேஸுக்கு வர முடியாத தூரத்துல இருந்தா ரிப்பேர் கடையே கடல்ல தேடி வரும், அதுக்கு சப்மரீன் டெண்டர்னு பேரு, ஒர்க்ஷாப், ஸ்பேர், டார்பிடோ, ஆஸ்பத்திரின்னு எல்லாம் இருக்கற கப்பல். நம்மகிட்ட சோவியத்ல இருந்து வாங்கின ஐஎன்எஸ் அம்பா 1968ல இருந்து ரொம்ப வருஷம் அந்த வேலையைப் பாத்துச்சு. அமெரிக்கா இன்னும் வெச்சிருக்கு, எமரி எஸ் லேண்ட், ஃபிராங்க் கேபிள்னு ரெண்டு.

வெளி உடம்புல கை வெக்கணும்னா தண்ணியை விட்டு வெளிய எடுத்தாகணும், அதுக்கு டிரை டாக். பெரிய கான்கிரீட் தொட்டி, ஒரு பக்கம் கடலுக்கு திறக்கற கேட். தொட்டியில தண்ணி விட்டு, கேட்டைத் திறந்து, சப்மரீனை மெதுவா உள்ள இழுத்து, கேட்டை மூடி, தண்ணியை பம்ப் பண்ணி வெளியேத்துவாங்க. இதுல உயிர் நாடியான வேலை தொட்டிக்கு அடியில முன்கூட்டியே அடுக்கி வெச்சிருக்கற கீல் பிளாக் தான், அந்த குறிப்பிட்ட சப்மரீனோட டிராயிங்கைப் பாத்து எங்க எலும்பு மாதிரி பலமான ஃபிரேம் வருதோ அங்க வர்ற மாதிரி கட்டைகளை அடுக்கியிருப்பாங்க, எங்கயும் சென்சாரோ ஓட்டையோ நசுங்கக்கூடாது. தண்ணி இறங்க இறங்க டைவர் உள்ள போய் சரியா உக்காந்திருக்கான்னு பாப்பாரு, கொஞ்சம் தப்பினாலும் மறுபடி தண்ணி விட்டு தூக்கி திருப்பி உக்கார வெக்கணும். தொட்டிக்கு பதிலா மிதக்கற டாக்கும் உண்டு. நம்ம நேவியோட எஃப்டிஎன் 2ங்கற மிதக்கற டாக் 185 மீட்டர் நீளம், சென்னை பக்கத்துல காட்டுப்பள்ளியில எல் அண்ட் டி கட்டினது, 8,000 டன் வரைக்கும் தூக்கும். காட்டுப்பள்ளி யார்டுல, அதாவது கப்பல் கட்டற தளத்துல, 2022ல அமெரிக்க நேவியோட சார்லஸ் ட்ரூங்கற சப்ளை கப்பல் வந்து ரிப்பேர் பாத்துட்டு போச்சு, ஆனா அது கப்பல், சப்மரீன் இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

டாக்ல ஏறின பிறகு என்ன நடக்கும்னு கேட்டா, அந்த அண்ணன் சொன்ன கதையில பாதிக்கு மேல பேட்டரி தான். கல்வரி வகையில 360 செல், ஒவ்வொண்ணும் 750 கிலோ, மொத்தம் 270 டன் பேட்டரி மட்டும். நம்ம வண்டி பேட்டரி மாதிரி லெட் ஆசிட் தான், ஆனா ஒரு செல்லை நாலு பேர் சேந்தாலும் அசைக்க முடியாது, குறுகலான ஹாட்ச், அதாவது மூடி போட்ட வழி வழியா ஒண்ணொண்ணா மேல தூக்கி, புதுசை அதே வழியா இறக்கி, ஒண்ணு சாஞ்சா கூட ஆசிட் சிந்தும்ங்கற பயத்தோட அடுக்கணும். சார்ஜ் ஏறறப்ப ஹைட்ரஜன் வரும், அதனால காத்தோட்டக் குழாயெல்லாம் சேத்து சரி பாப்பாங்க. இன்னொரு பக்கம் பிரஷர் ஹல். ஆழத்துல தண்ணி நசுக்கறதைத் தாங்கற தடிமனான இரும்புக் கூடு, அதோட தடிமன் எங்கயாவது துருவுல குறைஞ்சிருக்கான்னு அல்ட்ராசவுண்ட் வெச்சு புள்ளி புள்ளியா அளப்பாங்க, வெல்டிங்கை எக்ஸ்ரே எடுப்பாங்க. டீசல் இன்ஜின் மாதிரி பெரிய சாமான் ஹாட்ச் வழியா வராது, அப்ப ஹல்லையே வெட்டித்தான் எடுக்கணும், எடுத்துட்டு திருப்பி வெல்டு பண்ணி மறுபடி எக்ஸ்ரே. கப்பல்ல இப்படி வெட்டறது சாதாரணம், சப்மரீன்ல ஒவ்வொரு வெட்டும் ஆயுசு கணக்கு. வால்வுகள், புரொப்பெல்லர் தண்டு வெளிய வர்ற எடத்துல தண்ணி உள்ள வராம இருக்கற சீல், பெரிஸ்கோப், ஹல்லுக்கு பதிலா தான் கரைஞ்சு போற துத்தநாகக் கட்டி, இதெல்லாம் வேகமா சொல்லிட்டேன், ஒவ்வொண்ணும் ஒரு கதை.

ஏன் இவ்ளோ பயம்னா, 1963 ஏப்ரல் 10, அமெரிக்காவோட த்ரெஷர் சப்மரீன் யார்டுல வேலை முடிஞ்சு ஆழம் போய் டெஸ்ட் பண்றப்ப முங்கினது திரும்பி வரவே இல்ல, 129 பேர். அதுக்கப்புறம் தான் சப்சேஃப்னு ஒரு திட்டம் போட்டு, தண்ணி உள்ள வர வாய்ப்பிருக்கற ஒவ்வொரு பாகத்துக்கும், எந்த இரும்பு, யார் வெல்டு பண்ணாங்க, யார் சோதிச்சாங்கன்னு காகிதம் இருக்கணும்னு ஆக்கினாங்க. ரிப்பேர் முடிஞ்சதும் உடனே ஓட்டிட்டு போயிட மாட்டாங்க, முதல்ல துறைமுகத்துலயே சோதனை, அப்புறம் கடல்ல மேலாப்புல, அப்புறம் படிப்படியா ஆழம்.

இந்த முழு பிரிச்சு மேய்யறதுக்கு ரீஃபிட்னு பேரு. செய்தியில ஷார்ட் ரீஃபிட், நார்மல் ரீஃபிட், மீடியம் ரீஃபிட்னு வரும், பின்னாடி போகப் போக வேலை பெருசு. நம்ம நாட்டுல இதுக்கு போற எடங்கள் வகையைப் பொறுத்தது. ஜெர்மன் டிசைன் ஷிஷுமார் வகைக்கும் பிரெஞ்சு டிசைன் கல்வரி வகைக்கும் மும்பை மசகான் டாக் தான் தாய் வீடு மாதிரி, ஷிஷுமார்ல ரெண்டையும் கல்வரி வகையில ஆறையும் அங்கதான் கட்டினாங்க. 1986ல சேவைக்கு வந்த ஷங்குஷை மீடியம் ரீஃபிட்டும் ஆயுள் நீட்டிப்பும் பண்ண 2023 ஜூன்ல மசகான் டாக்கோட 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டாங்க, ஒரே ஒரு பழைய சப்மரீனுக்கு அவ்ளோ. கல்வரி வகையில காத்து இல்லாம கரண்ட் எடுக்கற ஏஐபி சிஸ்டம் செருக 2024 டிசம்பர்ல 1,990 கோடிக்கு ஒப்பந்தம், அதுக்கு சப்மரீனை நடுவுல வெட்டி, புது துண்டை வெச்சு மறுபடி ஒட்டணும். தினசரி கவனிப்பும் நடுத்தர வேலையும் மும்பை, விசாகப்பட்டினம் நேவல் டாக்யார்டுகள்ல.

ரஷ்யாகிட்ட வாங்கின சிந்துகோஷ் வகை கதை தனி. நிறைய சப்மரீன்கள் பெரிய ரீஃபிட்டுக்கு ரஷ்யாவோட வடக்கு முனையில செவரோத்வின்ஸ்க்ல இருக்கற ஸ்வியோஸ்தோச்கா யார்டுக்கு போயிட்டு வந்துச்சு. இங்கயே பண்ணுவோம்னு சிந்துகீர்த்தியை 2006ல விசாகப்பட்டினம் இந்துஸ்தான் ஷிப்யார்டுல ஏத்தினாங்க, வெளிய வந்தது 2015ல. ஒம்பது வருஷம்னு எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு அதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, டிராயிங்கும் ஸ்பேரும் அடுத்தவன் கையில இருக்கற சாமானை முதல் தடவை பிரிக்கறவனுக்கு அவ்ளோ தான் ஆகும். அதே சிந்துகீர்த்தியோட அடுத்த ரீஃபிட்டுக்கு 2023ல 934 கோடிக்கு திரும்பவும் அதே யார்டுக்குத்தான் குடுத்தாங்க. அணுசக்தி சப்மரீன்னா விசாகப்பட்டினம் தான், அரிஹந்த் அங்க கட்டினது.

வெளிநாட்டுல அமெரிக்காவுக்கு அரசு நேவல் ஷிப்யார்டு நாலு: போர்ட்ஸ்மவுத், நார்ஃபோக், வாஷிங்டன் மாநிலத்துல பியூஜெட் சவுண்ட், ஹவாய்ல பேர்ல் ஹார்பர். இதுல குயிஸ்ல கேக்கறதுக்குன்னே ஒரு குழப்பம் இருக்கு, போர்ட்ஸ்மவுத் யார்டு இருக்கறது மெயின் மாநிலத்து கிட்டெரியில, நார்ஃபோக் யார்டு இருக்கறது விர்ஜீனியாவுல போர்ட்ஸ்மவுத்ங்கற ஊர்ல. பிரிட்டன்ல டெவன்போர்ட், ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு பக்கம் ஆஸ்போர்ன், பிரான்ஸ்ல தூலோன், பிரெஸ்ட்.

ஒட்டு வேலை எவ்ளோ தூரம் போகும்னு காட்ட ரெண்டு கேஸ் சொல்றேன். 2005 ஜனவரியில சான் ஃபிரான்சிஸ்கோங்கற அமெரிக்க சப்மரீன் கடலுக்கு அடியில இருந்த மலையில முழு வேகத்துல மோதி மூக்கு நசுங்கிடுச்சு, குவாம்ல தற்காலிகமா சரி பண்ணி, பியூஜெட் சவுண்டுக்கு கொண்டு போய், ரிட்டயர் ஆகப் போற ஹொனலூலு சப்மரீனோட மூக்கை வெட்டி இதுல ஒட்டினாங்க. இன்னொண்ணு பிரான்சோட பெர்ல். 2020 ஜூன் 12ல தூலோன் டாக்ல ரிப்பேர்ல இருக்கறப்பவே தீப்பிடிச்சு முன்பாதி வீணாப் போச்சு. பின்பாதியில அணு உலை இருக்கற பக்கம் தப்பிச்சுது. அதைக் கப்பல் மேல ஏத்தி ஷெர்போர்குக்கு கொண்டு போய், ஏற்கனவே ஓய்வு குடுத்த சஃபீர் சப்மரீனோட முன்பாதியை வெட்டி இதோட ஒட்டிட்டாங்க. படகு, கப்பல் மேல ஏறி ஆஸ்பத்திரி போச்சுன்னு சொல்லலாம், முதல்ல சொன்ன விதிக்கு இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

நீங்களா தேடறதா இருந்தா இப்படி தேடுங்க. ஃபோன்ல கப்பல் நடமாட்டம் காட்டற ஆப் இருக்கு, மெரைன் டிராஃபிக் மாதிரி, அதுல ஐஎம்ஓ எண்ணைப் போட்டா எந்தக் கப்பல் எந்த யார்டுல நிக்குதுன்னு தெரியும். சப்மரீன் அதுல வராது, வேலையில இருக்கற சப்மரீன் சிக்னல் விட்டா அப்புறம் எதுக்கு முங்கறது. சப்மரீனுக்கு பாதுகாப்பு அமைச்சகத்தோட பிரஸ் ரிலீஸ் தான் ஒழுங்கான வழி, சப்மரீன் பேரோட ரீஃபிட்டுன்னு சேத்து தேடினா எந்த யார்டு, எவ்ளோ கோடி, எப்ப முடியணும்னு எல்லாம் அதுலயே இருக்கும். டாக்யார்டு சுவர் பக்கம் போய் ஃபோட்டோ எடுக்கற வேலை மட்டும் வேண்டாம், தடை செஞ்ச இடம், 1923ல போட்ட ரகசியச் சட்டம் இன்னும் உயிரோட இருக்கு, நேவியில சேரப் போற பையன் அந்த கேஸ்ல மாட்டினா அவ்ளோதான்.

நேர்ல பாக்கணும்னா விசாகப்பட்டினம் ஆர்கே பீச்ல ஐஎன்எஸ் குர்சுரா நிக்குது. 1969ல சேவைக்கு வந்து 2001ல ஓய்வு வாங்கின சோவியத் சப்மரீன், 91 மீட்டர், அடுத்த வருஷமே மியூசியம் ஆக்கிட்டாங்க. டிரை டாக்ல ஏத்தினா எப்படி இருக்குமோ அதே மாதிரி அடிப்பாகத்தோட கரையில நிக்கறதால புரொப்பெல்லர், பின்பக்கத்து துடுப்பு எல்லாம் கையெட்டற தூரத்துல தெரியும், சப்மரீன் தண்ணியில நிக்கறப்ப இது எதையும் பாக்க முடியாது. உள்ள ஒரு அறையில இருந்து அடுத்ததுக்கு போற வட்ட ஓட்டையில காலை முதல்ல விட்டு அப்புறம் தலையை விடுங்க. அப்படியே நின்னு மேல இருக்கற ஹாட்சை ஒரு தடவை அண்ணாந்து பாத்து, 750 கிலோ செல் அந்த மாதிரி ஓட்டை வழியா எப்படி இறங்கியிருக்கும்னு யோசிச்சு பாருங்க.